மூச்சை இழுத்துக்கொண்டு அளவு கொடுங்கள்

"குரல் நல்லாத்தான் இருக்கு. உடம்பை மட்டும் கொஞ்சம் குறைச்சிட்டா எங்கேயோ போயிடுவ." பாட ஆசைப்படும் பருமனான பெண் வீட்டிலும் தெருவிலும் கல்லூரி விழாவிலும் கேட்கும் பேச்சு இது. அந்த 'மட்டும்' என்ற சொல்லை நம்பிப் பாட்டைத் தள்ளிவைத்துவிட்டு எடை மெஷினில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும் பெண்களுக்காக இதை எழுதுகிறேன். அவர்களோடு டூயட் பாடும், அவர்களைக் காதலிக்கும் பையன்களும் படிக்க வேண்டும்.

தன்னம்பிக்கை வேணும்மா என்று அறிவுரை சொல்லிவிட்டுப் போவது சுலபம். மேடையில் அது உடைகிற இடங்கள் எவை என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். கை தூக்கினால் ப்ளவுஸ் மேலே ஏறும். பாவாடை நாடா வயிற்றை அறுக்கும். சுருதி உங்கள் குரலுக்கு எட்டாத இடத்தில் இருக்கும். பாடுகிறவருக்கு அவர் குரலைத் திருப்பிக் கேட்கவைக்க மேடையில் வைக்கும் ஸ்பீக்கரான மானிட்டரில் உங்கள் குரல் உங்களுக்கே கேட்காது. இந்த நான்கும் உடம்பின் குற்றமே இல்லை. நான்கையும் சரிசெய்துவிடலாம்.

ப்ளவுஸிலிருந்து ஆரம்பிக்கலாம், ஏனென்றால் அதிகம் பேர் தோற்கும் இடம் அதுதான். தையல்காரர் டேப்பைச் சுற்றியதும் நம்மை அறியாமல் வயிற்றை உள்ளே இழுத்து மூச்சை அடக்கிக்கொள்கிறோம். அந்த அளவில் தைத்த ப்ளவுஸ், மூச்சு விடாமல் நிற்கும் பெண்ணுக்கான ப்ளவுஸ். பாடுகிறவள் மூச்சு எடுக்கும்போது கீழ் விலா எலும்புகள் பக்கவாட்டிலும் பின்னாலும் விரிய வேண்டும். மார்புக்குக் கீழ்ச் சுற்றளவை இரண்டு முறை எடுக்கச் சொல்லுங்கள்: மூச்சை முழுக்க விட்ட நிலையில் ஒன்று, ஆழமாக இழுத்த நிலையில் ஒன்று. இரண்டுக்கும் நடுவே ஓர் அங்குலமாவது வித்தியாசம் வரும், பயிற்சி உள்ளவர்களுக்கு இரண்டும் வரலாம். பெரிய அளவோடு அரை அங்குலம் சேர்த்துத் தைக்க வேண்டும். "லூசா இருக்கும்மா, பார்க்க நல்லா இருக்காது" என்று மாஸ்டர் சொல்வார். பாடப்போகிறேன் என்று சொல்லிவிட்டு, அங்கேயே நின்று ஒரு வரி உரக்கப் பாடிக் காட்டுங்கள். டேப் நகர்வதை அவர் கண்ணால் பார்த்தால் விவாதம் முடிந்துவிடும்.

அடுத்து கைக்குழி, அதாவது கை நுழையும் வெட்டு. தோள் பருமனாக இருந்தால் கைக்குழியைக் கீழே இறக்கி வெட்டினால் வசதி என்று நினைக்கிறார்கள். நடப்பது நேர்மாறு. கைக்குழி இறங்க இறங்க, மைக்கை வாய்க்குக் கொண்டுபோகும்போது ப்ளவுஸ் மொத்தமும் கையோடு சேர்ந்து மேலே போகும், இடுப்பு தெரியும், உடனே இன்னொரு கை அதை இழுத்துவிடப் போகும். பாட்டின் நடுவில் துணியை இழுத்துவிடும் அந்தக் கைதான் பார்ப்பவர்களுக்கு "இவளுக்கே கூச்சமா இருக்கு" என்று சொல்கிறது. கைக்குழி அக்குளை ஒட்டி உயரமாக இருக்கட்டும். அதன் அடியில் இரண்டரை அல்லது மூன்று அங்குலச் சாய்சதுரத் துண்டு ஒன்றைக் கிராஸாக வெட்டி வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். அந்தத் துண்டு விரிந்துகொடுக்கும், ப்ளவுஸ் இடத்தைவிட்டு நகராது. கைச் சுற்றளவை, கையை மடக்கி மைக் பிடிப்பது போல வைத்துக்கொண்டு எடுக்க வேண்டும். தொங்கவிட்டு எடுத்த அளவு, மடக்கும்போது சதையைக் கவ்வும்.

கொக்கிகளை ஒன்றரை அங்குலத்துக்கு ஒன்று என்று வைத்தால் பெருமூச்சில் நடுவே வாய் பிளக்கும். ஓர் அங்குலத்துக்கு ஒன்று வையுங்கள், உள்ளே ஒன்றரை அங்குலப் பட்டி இருக்கட்டும். லைனிங் துணியை முதல் நாள் இரவே தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவைத்துத்தான் வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் முதல் துவைப்பிலேயே லைனிங் சுருங்கி மேல்துணியைப் பிடித்து இழுக்கும். உள்தையலில் ஒன்றரை அங்குலம் துணி விட்டுவைத்தால், உடம்பு கூடினாலும் குறைந்தாலும் அதே ப்ளவுஸ் ஓடும். இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுச் செய்கிற மாஸ்டர்கள் மதுரையில் இருக்கிறார்கள். மீனாட்சி கோயில் எதிரே புதுமண்டபத்தில் தலைமுறையாகத் தைத்தவர்கள் இப்போது குன்னத்தூர் சத்திரத்தில் இருக்கிறார்கள். விழா உடுப்பு தைத்துப் பழகிய கைகள் அவை.

துணி என்று வரும்போது எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. சித்திரை, வைகாசி வெயிலில், இரவு எட்டு மணிக்கும் அனல் அடங்காத மேடையில், முகத்துக்கு நேரே விளக்கு எரியும்போது, ஜமிக்கி வைத்த சிந்தடிக் துணி பாடகிக்குத் தண்டனை. நம் ஊர்ச் சுங்குடி இருக்கிறது. பருத்தி, எடை குறைவு, வியர்வையை உறிஞ்சும், 2005-ல் புவிசார் குறியீடும் வாங்கியது. அழுத்தமான நிறத்தில் எடுத்தால் புள்ளிகள் விளக்கில் எடுப்பாகத் தெரியும்.

இனி நாடா. கோயில் பொங்கல் கச்சேரிக்குப் பக்கத்து வீட்டிலோ பள்ளிக்கூட வகுப்பறையிலோ உடை மாற்றுவார்கள். உதவிக்கு வந்த அக்கா, "சேலை நழுவிடும், இன்னும் இறுக்கு" என்று நாடாவை இழுத்து முடிச்சுப் போடுவார். அரை மணி நேரத்தில் அது வயிற்றில் சிவந்த கோடாகப் பதிந்துவிடும். அதைவிட மோசம், வயிறு முன்னே வர இடமில்லாததால் மூச்சு மேலே நெஞ்சுக்கும் தோளுக்கும் ஏறுவது. தோள் ஏறினால் கழுத்து இறுகும். கழுத்து இறுகினால் மேல் ஸ்தாயியில் குரல் பிசிறடிக்கும், அல்லது சுருதி இறங்கும். கேட்பவர்கள் "குண்டா இருக்கிறதால மூச்சு வாங்குது" என்பார்கள். மூச்சு வாங்கவைத்தது அந்த நாடா.

மெல்லிய கயிற்றைத் தூக்கிப் போட்டுவிட்டு, பாவாடைக்கு மூன்று அங்குல அகலப் பட்டியும் பக்கவாட்டில் இரண்டு வரிசைக் கொக்கிகளும் வைத்துத் தைத்துக்கொள்ளுங்கள். நாடாதான் வேண்டுமென்றால் தொப்புளுக்கு இரண்டு அங்குலம் கீழே, மூச்சை இழுத்து வயிறு முன்னே வந்த நிலையில், இரண்டு விரல் நுழையும் அளவு இடம் விட்டு, பக்கவாட்டில் முடிச்சுப் போடுங்கள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து ஸா-ப-மேல் ஸா பாடுங்கள். மேல் ஸாவில் நாடா கடித்தால் அவிழ்த்து மறுபடி கட்டுங்கள். வயிற்றை ஒடுக்கிக் காட்டும் இறுக்கமான உள்ளாடைகளும் இதே வேலையைத்தான் செய்யும். போட்டோவுக்குப் போட்டுக்கொள்ளுங்கள், பாட்டுக்கு வேண்டாம்.

யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒன்று: தொடை உராய்வு. மூன்று மணி நேரம் நின்று, நடந்து, ஆடிப் பாடினால் தோல் உரியும். பவுடர் வியர்வையோடு சேர்ந்து பசையாகி இன்னும் அறுக்கும். பெட்ரோலியம் ஜெல்லி மெல்லிசாகத் தடவி, முழங்கால்வரை வரும் பருத்தி ஷார்ட்ஸ் போட்டால் போதும்.

உடம்பு இளைத்தால் குரல் கூடுமா? குரல் உருவாவது குரல்வளையில் இருக்கும் இரண்டு மடிப்புகளில். பெண்களுக்கு அவற்றின் நீளம் ஏறத்தாழ 12 முதல் 17 மில்லிமீட்டர். இடுப்பளவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. குண்டாக இருந்தால்தான் குரல் கனம் வரும் என்ற பேச்சும் அதே அளவுக்குத் தவறு. சர்க்கரை, ரத்த அழுத்தம், தைராய்டு, மாதவிடாய் ஒழுங்கின்மை என்று உடல்நலத்துக்காக டாக்டர் சொன்னால் அது வேறு விஷயம். அதை அவரோடு பேசி நிதானமாகச் செய்யுங்கள். கச்சேரிக்கு மூன்று வாரம் முன்னால் பட்டினி கிடப்பது பாட்டைத்தான் கெடுக்கும். தண்ணீர்ச் சத்து குறைந்தால் மடிப்புகள் உலர்ந்து, குரல் எழவே அதிகக் காற்று கேட்கும். நீண்ட வரியின் கடைசிச் சொல் காற்றில் போகும்.

பட்டினியைவிட மதுரைப் பாடகிக்குப் பெரிய எதிரி, கச்சேரி முடிந்து நள்ளிரவில் சாப்பிடும் சால்னா ஊற்றிய பரோட்டா. சாப்பிட்ட கையோடு படுத்தால் வயிற்று அமிலம் மேலேறிக் குரல்வளையைத் தொடும். காலையில் தொண்டை கரகரக்கும், பத்து மணிவரை மேல் ஸ்தாயி வராது. பலர் இதைச் சளி என்று நினைத்து வெந்நீர் குடித்துக்கொண்டிருக்கிறார்கள். படுக்கைக்கும் சாப்பாட்டுக்கும் நடுவே மூன்று மணி நேரம் வேண்டும். முடியாத இரவில் இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஜிகர்தண்டாவும் பாட்டுக்குப் பிறகுதான். பாலும் பிசினும் தொண்டையில் கெட்டியாக நிற்கிற உணர்வைத் தரும், செருமிச் செருமியே குரல் போய்விடும்.

குரலைத் தயார் செய்ய ஒரு ஸ்ட்ராவும் ஒரு டம்ளரும் போதும். தண்ணீரில் ஸ்ட்ராவை இரண்டு செண்டிமீட்டர் அமிழ்த்தி, குமிழி சீராக வரும்படி 'ஊ' என்று கீழிருந்து மேல், மேலிருந்து கீழ் இழுங்கள். ஐந்து நிமிடம். குமிழி திடீரென்று பெரிதானால் காற்றைத் தள்ளுகிறீர்கள் என்று அர்த்தம். அடுத்து ஸரிகம பாடமான சரளி வரிசையை அகாரத்தில், அதாவது 'ஆ' என்று, இரண்டு வேகத்தில் பாடுங்கள். தெம்புக்கு மொட்டை மாடி இருக்கிறது. தாளம் தட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 110 தட்டு என்று வைத்து, அந்த நடைக்கு நடந்துகொண்டே ஒரு முழுப் பாட்டைப் பாடுங்கள். முதல் வாரம் சரணத்தில் மூச்சு தட்டும். தினமும் செய்தால் மெல்ல மெல்ல எந்த உடம்புக்கும் இது பழகும். மேடைக்குத் தேவையான தெம்பு இதுதான்.

காதலுக்கு வருகிறேன். மெல்லிசைக் குழுவில் காதல் வருவது டூயட்டில்தான். அங்கே காதலைச் சோதித்துப் பார்க்கவும் ஒரு கருவி இருக்கிறது. அதன் பெயர் சுருதி.

ஒரு டூயட் ஒரு கட்டைச் சுருதியில் (கீபோர்டில் C) இருக்கிறது என்று வையுங்கள், பல்லவி கீழ்ப் பஞ்சமத்தை, அதாவது கீழ் 'ப'வைத் தொடுகிறது. பையனுக்கு மேல் ஸ்தாயி எட்டவில்லை. "ஒரு கட்டை இறக்கிக்கலாம் மாப்ள" என்று கீபோர்டுக்காரரிடம் கண்ணைக் காட்டுகிறான். பாட்டு ஆறரைக் கட்டைக்கு (B ஃப்ளாட்) இறங்குகிறது. அவனுக்கு வசதி. அவளுக்கோ பல்லவியின் கீழ்ப் பஞ்சமம் பாதாளத்துக்குப் போய்விட்டது. அங்கே பெரும்பாலான பெண் குரல்களில் நாதம் இருக்காது, வெறும் காற்றுதான் வரும். கூட்டம் "பையன் பிரமாதம், பொண்ணுக்குத்தான் குரல் எடுபடல" என்கிறது. அவள் வீட்டுக்குப் போய்த் தன் உடம்பையும் குரலையும் சேர்த்து வெறுக்கிறாள். யாரோ ஒரு பட்டனை இரண்டு முறை அழுத்தியதன் விளைவு இது.

செய்ய வேண்டியதை ஒத்திகையிலேயே செய்துவிடலாம். ஒரு தாளில் இருவர் பெயரையும் எழுதி, ஒவ்வொருவரும் சிரமமில்லாமல் நிறுத்திப் பாடக்கூடிய கீழ் எல்லை, மேல் எல்லையைக் கீபோர்டில் தொட்டுக் குறியுங்கள். பாட்டின் கீழ், மேல் எல்லைகளையும் எழுதுங்கள். இருவருக்கும் பொருந்தும் சுருதி கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் வரிகளை மாற்றிக்கொள்ளுங்கள், தாழ்ந்து போகும் வரியை அவன் எடுக்கட்டும், ஏறும் வரியை அவள் எடுக்கட்டும். அதுவும் முடியாவிட்டால் பல்லவி ஒரு சுருதி, இடையிசைக்குப் பின் சரணம் ஒரு கட்டை மேலே. கீபோர்டில் அது ஒரு பட்டன். ஆனால் தபலா சுருதி சேர்த்த வாத்தியம், இரண்டாவது தபலா தயாராக இருக்க வேண்டும். புல்லாங்குழல்காரர் இன்னொரு குழல் எடுத்துவர வேண்டும். மின்னணுத் தாளக் கருவியான ரிதம் பேடுக்குக் கவலையில்லை. இவ்வளவு தொந்தரவையும் அவளுக்காக ஏற்று, தபலாக்காரரிடம் போய், "அண்ணே, இந்தப் பாட்டுக்கு ரெண்டு தபலா வேணும்ணே" என்று கேட்கிற பையன், நான் பார்த்தவரை, "நீ எப்படி இருந்தாலும் அழகு" என்று நூறு முறை சொல்கிறவனைவிட மேல்.

மதுரைக்கு இந்தச் சுருதிப் பொருத்தம் புதிதல்ல. நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ல் இங்கே தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா என்ற நாடகக் குழுவைத் தொடங்கிய காலத்தில் மேடையில் மைக் இல்லை. கடைசி வரிசைவரை தொண்டைதான் போக வேண்டும். அந்த நாடக உலகம் கொண்டாடிய ஜோடி கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும். இருவருமே உயர்ந்த சுருதிக்காரர்கள். கிட்டப்பா 1933-ல் இளம் வயதிலேயே போய்விட்டார். அதன்பின் வெள்ளைச் சேலையும் திருநீறுமாக நின்ற சுந்தராம்பாளை அவர் குரலுக்காகத்தான் தமிழ்நாடு தலையில் தூக்கிவைத்துக்கொண்டது.

மைக் பற்றிச் சுருக்கமாக. கச்சேரிகளில் அதிகம் கைக்கு வருவது ஷ்யூர் எஸ்எம் 58 அல்லது அதன் சாயலில் ஒன்று. உதட்டிலிருந்து இரண்டு விரல் தூரம், நேராக வைக்காமல் சற்றுச் சாய்த்து, அப்போதுதான் 'ப' வெடிக்காது. வலைத் தலையை உள்ளங்கையால் பொத்தினால் மைக் எல்லாத் திசை ஒலியையும் எடுத்து மானிட்டர் 'ஊய்' என்று கத்தும். கூச்சப்படும் பெண்கள் மைக்கை மார்புக்கு முன்னால் இறக்கிப் பிடித்து, முழங்கையை உடம்போடு ஒட்டிக்கொள்கிறார்கள். சவுண்டுக்காரர் குரல் போதவில்லை என்று வால்யூமை ஏற்றுவார், மறுபடி 'ஊய்'. முழங்கையை உடம்பைவிட்டு ஒரு சாண் தள்ளிவையுங்கள். சவுண்ட் செக்கில் "நல்லா இருக்குண்ணே" என்று தலையாட்டிவிட்டு இறங்காதீர்கள். "என் மானிட்டர்ல என் குரலை ஏத்துங்கண்ணே, பேடைக் குறைங்க, எக்கோவைப் பாதியாக்குங்க" என்று மூன்றையும் கேளுங்கள். எக்கோ அதிகமானால் சொல் புரியாது. இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்குத் தடை இருப்பதால், பெரிய பாட்டுகளைக் கடைசிக்குத் தள்ளும் நிகழ்ச்சி நிரலில் உங்கள் பெயர் எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள்.

சொந்தப் பாட்டு வெளியிட ஸ்டுடியோவுக்கு அலைய வேண்டியதில்லை. துணி நிறைந்த பீரோவைத் திறந்துவைத்து, முதுகுக்குப் பின்னால் மெத்தையைச் சாய்த்து, ஃபேனை நிறுத்தினால் ஒலிப்பதிவு அறை தயார். கண்டென்சர் மைக் என்றால் ஒரு சாண் தூரம், 'ப' வெடிப்பைத் தடுக்க நடுவில் பாப் ஃபில்டர் என்ற வலைத்திரை, 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ். குரலின் உச்சம் மைனஸ் 12-க்கும் மைனஸ் 6 டெசிபலுக்கும் நடுவே நிற்கட்டும், பூஜ்யத்தைத் தொட்டால் கிழிந்துவிடும். வீடியோ எடுக்கும்போது போனின் அகலக் கோண லென்ஸ் ஓரத்தில் நிற்பவரை இழுத்து அகலமாக்கும். குழுவில் பருமனான பெண்ணை ஓரத்தில் நிறுத்துகிற வழக்கத்தால் அவளை இன்னும் பருமனாக்குவது அந்த லென்ஸ்தான். நடுவில் நில்லுங்கள். போனை மூன்று மீட்டர் தள்ளி, நெஞ்சு உயரத்தில், இரண்டு மடங்கு ஜூமில் வையுங்கள்.

காதலர்கள் சேர்ந்து பாட்டுக் கட்டும்போது யாரும் பங்கு பற்றிப் பேசுவதில்லை. பேசுங்கள். பாட்டு வெளிவருவதற்கு முன், ஒரே பக்கத்தில்: வரி யாருடையது, மெட்டு யாருடையது, பாடியது யார், ஒலிப்பதிவு யார் பெயரில், யாருக்கு எத்தனை சதவீதம். இருவர் கையெழுத்து, தேதி. இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி உரிமையை இன்னொருவருக்கு மாற்றித் தருவது எழுத்தில் இருந்தால்தான் செல்லும். எழுத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். பாடியவருக்கு நிகழ்த்துகலைஞர் உரிமை 50 ஆண்டு உண்டு. எழுதியவரும் மெட்டமைத்தவரும், அவர்களுக்கான உரிமைத்தொகையை வசூலித்துத் தரும் ஐபிஆர்எஸ் அமைப்பில் உறுப்பினராகலாம். "நமக்குள்ள எதுக்குப் பேப்பர்" என்று அவன் கேட்டால், "நமக்குள்ள இருக்கிறதாலதான்" என்று சொல்லிப் பேனாவைக் கொடுங்கள். ஸ்பாட்டிஃபையில் பிளேலிஸ்ட்டுக்குப் பரிசீலிக்க வேண்டுமென்றால் வெளியீட்டுக்கு முன்பே, ஏழு நாளாவது முன்னால், பாட்டைக் கொடுத்துவிடுவது நல்லது. நான் ஒரு மாதம் முன்னால் என்பேன்.

வெளியிட்ட அன்று மாலை கமெண்டுகள் வரும். அதற்கு முன்பே யூடியூப் அமைப்புகளில் தடைச்சொல் பட்டியலை நிரப்பிவையுங்கள். இன்ஸ்டாகிராமிலும் அந்த வசதி உண்டு. குண்டு, குண்டச்சி, தடிச்சி, பூசணி, யானை, அண்டா, பீப்பாய். தமிழ் எழுத்தில் ஒரு முறை, ஆங்கில எழுத்தில் எழுத்துப்பிழைகளோடு நாலைந்து விதமாக. அந்தச் சொற்கள் உள்ள கமெண்ட் நேரே வெளியே வராது, உங்கள் பரிசீலனைக்கு ஒதுங்கி நிற்கும். மிரட்டலோ ஆபாசமோ வந்தால் நீக்கும் முன் ஸ்கிரீன்ஷாட் எடுத்து இணையதள முகவரியோடு சேமியுங்கள், புகாருக்கு அதுதான் சான்று. பெண்களுக்கான உதவி எண் 181.

இங்கே காதலன் செய்யும் பெரிய தவறு, அவளுக்காகச் சண்டைபோட இறங்குவது. ஒரு வசவுக்குக் கீழே இருபது பதில் விழுந்தால் அது மேலே ஏறிவந்து முதலில் தெரியும். பதில் சொல்லாமல் நீக்கிவிட வேண்டும். அவள் போனிலிருந்து கமெண்ட் அறிவிப்பை முதல் மூன்று நாளைக்கு அணைத்துவிட்டு, ஒதுங்கி நிற்பவற்றைப் பார்த்து நீக்கும் வேலையை அவன் எடுத்துக்கொள்ளட்டும். சரணத்தில் எந்த இடம் பிடித்தது, எந்தச் சொல் புரியவில்லை என்று எழுதியிருப்பவற்றை மட்டும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுவந்து கொடுக்கட்டும். அடுத்த ஒத்திகைக்கு அந்தத் தாள் தேவைப்படும்.